"இந்த அம்மா மட்டும் நடிக்கலியே"

போன பொங்கல் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தோம். டிவியில் 'தில்லானா மோகனாம்பாள்' ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மகன் குறும்படம் எடுக்கிறவன், இரண்டு படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவன். போனிலிருந்து தலையை எடுக்காமலே, "எல்லாரும் நாடகத்தனமா நடிக்கிறாங்க மாமா" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. பண்டிகை நாளில் சிவாஜிக்காக மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் மனோரமா வந்தார். ஜில் ஜில் ரமாமணி. அந்த நாயனத்தைப் பற்றி அவர் சிவாஜியிடம் கேட்கும் கேள்வி உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்க மாட்டீர்கள். பையனின் கையிலிருந்த போன் மடிக்கு இறங்கியது. காட்சி முடிகிற வரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்த அம்மா மட்டும் நடிக்கலியே."

அவன் பாராட்டாகத்தான் சொன்னான். ஆனால் அன்று ராத்திரி சென்னை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது எனக்குள் உறுத்திக்கொண்டே வந்தது. அந்தப் படத்தில் நாடகக்காரி வேஷம் அவருக்கு மட்டும்தான். கதைப்படி சிவாஜி நாதஸ்வர வித்வான், பத்மினி நாட்டியக்காரி, பாலையா தவில். ரமாமணிதான் ஊர் ஊராகப் போய் மேடையில் ஆடிப் பாடிப் பிழைக்கிற நாடக நடிகை. நாடகத்தனம் என்று ஒன்று இருந்தால் அவரிடம்தானே மூட்டை மூட்டையாக இருந்திருக்க வேண்டும்? அவர் ஒருத்தரைப் பார்த்து மட்டும் இந்தக் காலத்துப் பையனுக்கு அது ஏன் தோன்றவில்லை?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் படம் ஏறக்குறைய நாடகக்காரர்களின் குடும்பக் கல்யாணம் மாதிரி. சிவாஜி சின்ன வயதிலேயே, சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து பெண் வேஷம் கட்டி வளர்ந்தவர். பாலையாவும் கம்பெனி ஆள். நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் கம்பெனியில் இருந்தவர். நாகேஷ் வேலை பார்த்துக்கொண்டே அமெச்சூர் நாடகங்களில் நடித்து மேலே வந்தவர். இயக்கிய ஏ.பி. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், போட்டவர். எல்லோரும் ஒரே தறியில் நெய்த துணி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் சொன்ன பிறகுதான் தறி ஒன்றல்ல என்று உறைத்தது.

பள்ளத்தூர்

மனோரமாவின் கதையை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1937-இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா. அப்பா கைவிட்டதும் அம்மா பிழைப்புக்காகக் காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூருக்கு வந்தார். வீட்டு வேலை, பாதியில் நின்ற படிப்பு, பன்னிரண்டு வயதில் மேடை. பெயரை மாற்றியதும் நாடகக்காரர்கள்தான். வைரம் நாடக சபா, அப்புறம் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றம், அதில் 'மணிமகுடம்'. அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையேறினார். 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்கு வந்தார், அதுவும் நகைச்சுவை வேஷத்தில். கதாநாயகி என்றால் கொஞ்ச வருஷம்தான், நகைச்சுவை என்றால் காலத்துக்கும் நிற்கலாம் என்று கண்ணதாசன் சொன்னதைப் பிற்பாடு பல பேட்டிகளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் ஒரு கை பார்த்தார். அதோடு சரி.

2015 அக்டோபர் 10-ஆம் தேதி அவர் இறந்தார். மறுநாள் முழுக்க டிவியில் எண்கள்தான். ஆயிரம் படங்களுக்காக 1985-இல் கின்னஸ், மொத்தம் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். எனக்கு அன்றைக்கே ஒரு எரிச்சல். நெல் மூட்டையை எண்ணுவது போல எண்ணினார்கள். ஒரு பெண் எப்படி அத்தனை விதமான மனுஷிகளாக மாறினாள், அந்த வித்தையை எந்த ஊரில் யாரிடம் கற்றாள் என்று கேட்க ஆளில்லை. "நாடகத்திலிருந்து வந்தவர்" என்று ஒரு வரி வந்தது. வீட்டு வேலை செய்தார் என்பதற்கும் கின்னஸுக்கும் நடுவில், துன்பத்தைச் சொல்லும் வரியாக அதைச் செருகியிருந்தார்கள். நாடகம் அவருக்குக் கிடைத்த படிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மேல்

எங்கள் ஊர் புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் நடுவில். பங்குனியில் மாரியம்மனுக்குத் திருவிழா என்றால் ஒரு ராத்திரி 'வள்ளி திருமணம்' கட்டாயம். எங்கள் பக்கத்தில் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறு ஊர். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், இடிச் சத்தத்திலிருந்து குதிரைக் குளம்படி வரை ஒரே ஆளாக வாசிக்கும் ஆல்ரவுண்டுக்காரர், எல்லோரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். நோட்டீஸில் எல்லோர் போட்டோவும் இருக்கும். ஆனால் அன்று சாயங்காலம்தான் அவர்கள் ஒருத்தரையொருத்தர் நேரில் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்த பாட்டும் கதைப் போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் மேடையில் அவரவர் வாய்ச் சாமர்த்தியம். நாரதரும் வள்ளியும் பண்ணுகிற தர்க்கம் எத்தனை மணிக்கு முடியும் என்று அவர்களுக்கே தெரியாது.

இதே சுவாமிகள்தான் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு சபை நடத்தினார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள். கம்பெனி என்றால் கட்டுப்பாடு. விடிகாலையில் எழுந்து பாட்டு, பாடம், அடி. வசனத்தில் ஒரு எழுத்து தப்பக் கூடாது. எங்கே நிற்க வேண்டும், எந்தச் சொல்லுக்குக் கை உயர வேண்டும் என்பது வரை வாத்தியார் சொன்னபடி. அந்தப் படிப்பு சிவாஜி என்ற மலையைக் கொடுத்தது. எந்தச் சொல்லும் அந்த வாயில் மங்காது. ஆனால் கம்பெனி நடிகன் பேசும்போது, இவன் இந்த வரியை ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான் என்பது எங்கோ ஒரு மூலையில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அக்கா மகன் நாடகத்தனம் என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். குறை என்று நான் சொல்ல மாட்டேன். கச்சேரிக்குப் போய், இவர் ஏன் பேசாமல் பாடுகிறார் என்று கேட்க முடியாது இல்லையா.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். நாடகக் கொட்டகைக்கு முன்னால் பாய் விரித்து அப்பத்தா மடியில் தலை வைத்துக் கிடக்கிறேன். பத்து மணிக்கு பபூன் வந்து பாடிவிட்டுப் போனார். அப்புறம் டான்ஸ் பார்ட் போடுகிற பெண் வந்தார். மினுமினுக்கும் பாவாடை, முகம் முழுக்க ரோஸ் கலரில் அரிதாரம். மேடைக்கு நடுவில் இரண்டு மைக் தொங்கும். ஆடிக்கொண்டே வந்து சரியாக மைக்குக்குக் கீழே நின்று பாட்டை எடுக்க வேண்டும், அது ஒரு தனித் திறமை. பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்க, வேலியோரம் நின்ற ஒரு மாமா, நல்ல போதை, "கேக்கலே, சத்தமாப் பாடு!" என்று கத்தினார். சனம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பாட்டை நிறுத்தவில்லை. அடியை முடித்தார், ஆர்மோனியம் சுருதியில் நிற்க, அந்த ராகத்திலேயே இழுத்து, "மைக்குக்கு நல்லாக் கேக்குது மாமா. உங்களுக்கு ஏறுனது எறங்கட்டும், தன்னாலே கேக்கும்" என்றார். மிருதங்கம் ஒரு தட்டு தட்டியது. கொட்டகை அதிர்ந்து அடங்குவதற்குள் மறுபடி பாட்டுக்குப் போய்விட்டார். அதற்குள் பபூன் அந்த மாமாவைப் போலவே தள்ளாடிக்கொண்டு மேடைக்கு வந்து, அதையே அடுத்த கால் மணி நேரத்துக் காமிக் ஆக்கிவிட்டார்.

இதை எங்கே கற்றுக்கொள்வது? எழுதி வைத்தா பழக முடியும்? எதிரில் இருக்கிற ஆள் அடுத்து என்ன சொல்வான் என்று தெரியாத மேடையில் நடிகைக்கு ஒரே ஒரு கருவிதான், காது. எதிராளி சொல்வதை முழுசாகக் கேட்டால்தான் பதில் வரும். கேட்காமல் தன் வரிக்காகக் காத்திருந்தால் அன்றைக்கு மானம் போய்விடும்.

மனோரமா ஸ்பெஷல் நாடக நடிகை என்று நான் சொல்லவில்லை. அவருடையது சபா நாடகம், ஒத்திகை உண்டு, எழுதிய வசனம் உண்டு. ஆனால் அதே மண், அதே திருவிழா ராத்திரி, வேலியோரம் நிற்கும் அதே மாமா. இனி அவர் நடித்த எந்தப் படத்தையாவது போட்டு, அவர் பேசுவதை விட்டுவிட்டு அவர் சும்மா நிற்கும் இடங்களை மட்டும் பாருங்கள். 'அன்பே வா'வில் நாகேஷ் பேசப் பேச அவர் முகத்தில் ஓடுவதைப் பாருங்கள். நாகேஷ் எந்தப் பக்கம் பாய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆளுக்குப் பக்கத்தில் நின்று தாக்குப்பிடிப்பதே பெரிய பாடு. மனோரமா தாக்குப்பிடிக்கப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்து தன் வரி என்ன என்று தெரியாத மாதிரியே கேட்கிறார். அப்படிக் கேட்ட காதிலிருந்து வருவதால்தான் பதில் அப்போதுதான் பிறந்ததுபோல இருக்கிறது.

1968

அந்த வருஷத்தை நான் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 'தில்லானா மோகனாம்பாள்' வந்த அதே 1968-இல்தான் 'பொம்மலாட்டம்' படத்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' பாடினார். ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் இழுத்து இழுத்துப் பேசும் கிராமத்து நாடகக்காரி, இன்னொரு பக்கம் அச்சு அசலான மெட்ராஸ் பாஷை. பள்ளத்தூரில் வளர்ந்தவர் வாயில் சிந்தாதிரிப்பேட்டை எப்படி வந்து உட்கார்ந்தது? அதுவும் காதுதான். பிற்பாடு 'சின்ன கவுண்டர்' வந்தபோது, எடுப்பான பல்லோடு கொங்கு நாட்டுக் கிழவியாகவே ஆகிவிட்டார். ஊர் ஊராகச் சுற்றிய நாடகக்காரர்களுக்கு இது ஒரு கைச்சரக்கு. சாயங்காலம் டீக்கடையில் கேட்ட பேச்சை ராத்திரி மேடையில் பேசினால் சனம் தன் வீட்டு ஆளைப் பார்த்ததுபோல் கை தட்டும்.

ஆனால் ரமாமணி விஷயம் காதோடு முடிந்துவிடவில்லை. பஸ்ஸில் வரும்போது போனில் அந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு முறை முறைத்தார். ரமாமணி மேடையில் ஆடுகிற காட்சி ஒன்று இருக்கிறது. அதில் மனோரமா முழுசாக நாடகத்தனமாகத்தான் ஆடுகிறார், வேண்டுமென்றே. கண் உருட்டல், இடுப்பு வெட்டு, கடைசி வரிசைக்கு எறிகிற சிரிப்பு எல்லாம் உண்டு. அப்புறம் மேடையை விட்டு இறங்கி சண்முகசுந்தரத்திடம், அதாவது சிவாஜியிடம், பேசும்போது கவனியுங்கள். அதே இழுவை, அதே கழுத்து வெட்டு கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அரிதாரத்தைக் கழுவிய பிறகும் காதோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுபோல. ராத்திரி ராத்திரியாக ஆடிப் பழகிய உடம்பு பகலில் சும்மா இருக்கத் தெரியாமல் தவிக்கிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. அப்புறம் அந்தக் கேள்வி வருகிறது, அந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று. அந்த ஒரு இடத்தில் மிச்சமிருந்த நாடகமும் உதிர்ந்துவிடுகிறது. கலை என்பது ஆளில் இருக்கிறதா கருவியில் இருக்கிறதா என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒருத்தி மட்டும் அங்கே இருக்கிறாள். கேள்வி வெகுளித்தனமானதுதான், ஆனால் அதைக் கேட்கிறவளும் ஒரு கலைக்காரி.

மற்றவர்களிடம் நாடகத்தனம் என்று பையனுக்குப் பட்டது அவர்கள் நடிப்பில் கிடந்தது. மனோரமா அதை எடுத்து ரமாமணியின் உடம்பில் வைத்துவிட்டார். எனவே பார்க்கிறவனுக்கு அது நடிகையுடையதாகத் தெரியவில்லை, அந்தப் பெண்ணுடையதாகத் தெரிகிறது. அதுதான் அவனுக்கு நடிக்காத மாதிரி இருந்தது. முப்பத்தொரு வயதில், தான் எந்த மேடையிலிருந்து வந்தாரோ அந்த மேடையைக் கேலியும் பண்ணாமல், தூக்கிப் பிடிக்கவும் செய்யாமல், அப்படியே எடுத்து வைத்தார். இதை அவர் யோசித்துச் செய்தாரா, தானாக வந்ததா என்றெல்லாம் எனக்குக் கவலையில்லை. ஆர்மோனியக்காரருக்கு எந்தக் கட்டையில் எந்த விரல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதற்கப்புறம் வந்த வேஷங்களில் எனக்குப் பிடித்தது 'சம்சாரம் அது மின்சாரம்' கண்ணம்மா. அந்தச் சண்டைக் காட்சியில் ஒரு வேலைக்காரி, வீட்டுக்கு நன்மை செய்வதற்காக ரவுடித்தனம் பண்ணுவதுபோல் நடிக்கிறாள். மறுபடியும் நடிப்புக்குள் நடிப்பு, மறுபடியும் நாடகத்திலிருந்து வந்த ஒரு இயக்குநர், விசு. கண்ணம்மா எங்கே நடிக்கிறாள், எங்கே நிஜமாகவே கோபம் வந்துவிட்டது என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. 'புதிய பாதை'க்குத்தான் தேசிய விருது கொடுத்தார்கள். நான் விருதுக் குழுவில் இருந்திருந்தால் மூன்று வருஷம் முன்னாலேயே கண்ணம்மாவுக்குக் கொடுத்திருப்பேன். அப்புறம் அம்மா, பாட்டி வேஷங்கள் வரிசையாக வந்தன. அவற்றில் பல, யார் வேண்டுமானாலும் நின்று அழுதுவிட்டுப் போயிருக்கக்கூடியவை. அத்தனை படம் என்றால் அப்படியும் இருக்கத்தான் செய்யும்.

எண்ணெய்

சென்னை வந்து சேர்ந்ததும் அக்கா மகனுக்கு இதையெல்லாம் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. சரி, அவனுக்கு ஷூட்டிங் இருந்திருக்கும். அந்த மெசேஜில் ஒன்றை நான் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த டான்ஸ் பார்ட் பெண் மறுநாள் விடியற்காலையில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வந்தார். கிணறு எங்கள் வீட்டில்தான் இருந்தது. மினுமினுப்புப் பாவாடை போய் சாதாரணக் கைத்தறிச் சேலை, தோளில் ஒரு ரெக்சின் பை, முகத்தில் மட்டும் ராத்திரி அரிதாரம் அப்படியே. "ஆத்தா, கொஞ்சம் தேங்காண்ணெய் குடுங்க, மொகத்தைத் தொடச்சிக்கிறேன்" என்றார். ராத்திரி கேட்ட குரலா இது என்று எனக்குச் சந்தேகம். கட்டையான, தூக்கமில்லாத குரல். அப்பத்தா பதில் பேசாமல் உள்ளே போய் எண்ணெயை ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி எடுத்து வந்தாள். வீட்டில் கிண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. கொண்டு வந்ததையும் கையில் கொடுக்கவில்லை, துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். நாடகம் பார்க்க முதல் ஆளாகப் பாயைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான்.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் எண்ணெயைத் தேய்த்துப் பழைய வேட்டித் துணியால் துடைத்தார். ரோஸ் கலர் போகப் போக அடியிலிருந்து அம்மைத் தழும்பு விழுந்த கறுத்த கன்னம் வந்தது. பாதி முகம் ராத்திரியாகவும் பாதி முகம் காலையாகவும் இருந்த அந்த நேரத்தில், சாணம் தெளித்துக்கொண்டிருந்த அப்பத்தா குனிந்த தலை நிமிராமலே சொன்னாள்: "ராத்திரி அந்தப் பாட்டு நல்லாத்தான் பாடுன."

துணி நின்றது. அந்தப் பெண் எழுந்து, வலது காலை அரையடி பின்னால் வைத்து, இரண்டு கையையும் மேலிருந்து வளைத்துக் கொண்டுவந்து கும்பிட்டார், பாட்டு முடிந்ததும் சனத்தைப் பார்த்துக் கும்பிட்டாரே, அதே மாதிரி. அப்பத்தா பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மிச்சப் பாதியையும் துடைத்துவிட்டு, கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தம்பி, பொன்னமராவதி பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.